கப்பல் பயணம் முடிந்து கையில் 38 மணி நேரம்: சிங்கப்பூரை எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது. அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 67. அவர்களோடு நீங்கள், கணவர், பத்து வயதுப் பையன். ஐந்து பேரும் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை 7 மணிக்குத் திரும்பவும் சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள். கப்பல் நிற்பது மரினா பே முனையத்தில். ஞாயிறு இரவு 9 மணிக்குச் சென்னை விமானம். இடையில் இருக்கும் நேரத்தில் எதையும் விடாமல் பார்க்க ஒரு திட்டம் வேண்டும், முடிந்தால் யுனிவர்சல் ஸ்டூடியோவும் சேர்த்து.

இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கப்பலில் வந்து இறங்கிய உறவினர்களையும் நண்பர்களையும் பலமுறை முனையத்துக்கே போய் அழைத்து வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், "எதையும் விடாமல்" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே நாளில் ஒன்பது இடம் பார்த்தவர்களுக்கு ஊர் திரும்பியதும் வியர்வையும் டாக்சி வரிசையும்தான் நினைவில் நிற்கின்றன. நீங்கள் கடல் வழியாக வருகிறீர்கள். சிங்கப்பூர் கடல் வழியாக வந்தவர்கள் கட்டிய ஊர். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கிடைக்காத ஒரு தொடக்கம் உங்களுக்குக் கிடைக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நாலைந்து இடம் போனால் போதும்.

முதலில் காகித வேலை. உங்கள் பயணத்தில் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள்: சென்னையிலிருந்து வரும்போது ஒருமுறை, கப்பலிலிருந்து இறங்கும்போது மறுமுறை. அதனால் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கும் சலுகை உண்டு. ஆனால் அது இன்னொரு நாட்டுக்குப் போகும் வழியில் தருவது, கொடுப்பதும் மறுப்பதும் குடிநுழைவு (இமிக்ரேஷன்) அதிகாரியின் முடிவு. பெரியவர்களை வைத்துக்கொண்டு அதை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள். மின்னியல் வருகை அட்டையையும் இரண்டு நுழைவுக்கும் இரண்டு முறை நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் செய்யலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்துடையது அல்ல. கப்பலில் இணைய இணைப்பு மெதுவாக இருக்கும், விலையும் அதிகம். புக்கெட்டில் கரையில் இருக்கும்போதே இரண்டாவது அட்டையை நிரப்பிவிட முடிகிறதா பாருங்கள்.

கடைசி இரவு பெட்டிகளுக்கு அட்டை கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். இரவோடு இரவாக எடுத்துப் போய்விடுவார்கள், காலையில் முனையத்தின் கூடத்தில்தான் திரும்பக் கிடைக்கும். என் சித்தப்பா ஒருவர் ரத்த அழுத்த மாத்திரையைப் பெட்டியில் போட்டுவிட்டார். இறங்கும் வரிசை நகர்ந்து, பெட்டி கைக்கு வந்து, அவர் மாத்திரை போடும்போது மணி பதினொன்று. அதுவரை சித்தி முகத்தில் ரத்தமே இல்லை. ஆகவே மாத்திரைகள், பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு, சிலவற்றுக்கு முன் அனுமதியே வாங்க வேண்டும். அப்பா அம்மாவின் மருந்துச் சீட்டைக் கையோடு வைத்திருங்கள். மெல்லும் புகையிலையும் மின் சிகரெட்டும் இங்கே தடை. அப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி சனிக்கிழமை விடியற்காலை. தயவுசெய்து ஐந்தரை மணிக்கு எல்லாரும் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைதான் வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும். அதனால் கப்பல் நீரிணைக்குள் வரும்போது இருட்டாகத்தான் இருக்கும். அந்த இருட்டில் கடலுக்குள் இன்னோர் ஊர் இருப்பதுபோல் விளக்குகள் தெரியும். எல்லாம் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள். எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல், அவற்றுக்கு எரிபொருள் ஊற்றும் சின்னக் கப்பல். இந்தத் துறைமுகத்தில் 2024-இல் மட்டும் கையாண்ட சரக்குப் பெட்டிகள், இருபதடிக் கணக்கில், 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். ஷாங்காய்க்கு அடுத்த இடம். இந்தக் கணக்கைப் பையனுக்கு வகுப்பறையில் சொன்னால் மறந்துவிடுவான். அந்த விளக்குகளைக் காட்டிச் சொன்னால் மறக்க மாட்டான்.

வெளிச்சம் வந்ததும் நகரத்துக்கு எதிர்ப்பக்கம், தெற்கே பாருங்கள். சின்னச் சின்னத் தீவுகள் தெரியும். அவற்றில் ஒன்று செயின்ட் ஜான்ஸ் தீவு. ஒரு காலத்தில் தளப் பயணிகளாக, அதாவது அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே படுத்து வந்தவர்களை நேரே ஊருக்குள் விடாமல், தொற்று நோய்க்குப் பயந்து அந்தத் தீவில் இறக்கி வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. என் மனைவியின் தாத்தா 1950-களில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறி வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. தளத்தில் பாய் விரித்துக்கொண்டு, கட்டுச்சோறு தீர்ந்த பிறகு கப்பல் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வாரம்போல வந்தாராம். கரை தெரிந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "காலை எப்போது தரையில் வைப்போம் என்றுதான்" என்றார். உங்கள் அப்பா அம்மாவின் ஊரிலும் 'சிங்கப்பூர்க்காரர் வீடு' என்று ஒன்று இருந்திருக்கும். அதைப் பற்றிப் பேச அந்த மேல்தளத்தை விட நல்ல இடம் கிடையாது.

இறங்கினதும் ஒரு விஷயம். நாலைந்து நாள் கப்பலில் இருந்த பிறகு தரை லேசாக ஆடுவதுபோல இருக்கும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஆனால் அன்று முழுவதும் படிக்கட்டிலும் நகரும் படியிலும் அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முனையத்திலிருந்து வெளியேற இரண்டு வழி. பத்து நிமிட நடையில் மரினா சவுத் பியர் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம் இருக்கிறது, வடக்கு தெற்குத் தடத்தின் கடைசி நிலையம். பெட்டி இல்லாதவர்களுக்கு அதுதான் வேகம். நீங்கள் ஐந்து பேர், பெட்டிகளும் இருக்கும், அதனால் ஆறு பேர் உட்காரும் பெரிய டாக்சியை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. சாதாரண டாக்சியில் நாலு பேர்தான் ஏறலாம். செயலி வழியாக வரும் தனியார் காரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், டாக்சிக்கு அந்த விதி இல்லை. பையன் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஒரே நேரத்தில் இறங்கும்போது டாக்சி வரிசை நீளமாகத்தான் இருக்கும். முதலாவதாக இறங்க முண்டியடிப்பதை விட, காலை உணவை நிதானமாக முடித்துவிட்டு எட்டரைக்கு இறங்குவது நிம்மதி.

கடைசி நேரத்தில் உங்கள் கப்பல் ஹார்பர்பிரண்ட் முனையத்துக்கு மாறினாலும் பயம் வேண்டாம். அங்கிருந்து வடகிழக்குத் தடத்தில் ஐந்தாவது நிலையமே லிட்டில் இந்தியா.

தங்க லிட்டில் இந்தியா பக்கம் பாருங்கள். மரினா பே பக்கத்து விடுதிகளை விட விலை குறைவு, சைவச் சாப்பாடு வாசலிலேயே, எங்கே போகவும் ரயில் வசதி. அறை பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள். பெட்டிகளை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே கிளம்பிவிடலாம். ரயிலுக்குத் தனி அட்டை தேவையில்லை, தொடாமல் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையே வாயிலில் காட்டலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கட்டணம் சேரும். ரயிலுக்குள் தண்ணீர் குடிப்பதுகூடக் குற்றம், 500 வெள்ளி வரை அபராதம். வெள்ளி என்றால் டாலர், இங்கே தமிழில் அப்படித்தான் சொல்வோம்.

சனிக்கிழமை முற்பகலை நான் தெலுக் ஆயர் தெருவுக்குக் கொடுப்பேன். லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் தடத்தில் ஆறாவது நிலையம். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன்.

தெலுக் ஆயர் என்றால் மலாய் மொழியில் நீர் விரிகுடா. நீங்கள் அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் வானளாவிய கட்டடங்கள்தான் தெரியும், கடலைக் காணோம். ஆனால் 1830-களில் அந்தத் தெருதான் கடற்கரை. படகு வந்து ஒதுங்கிய இடம். பிறகு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கடலைத் தூர்க்க ஆரம்பித்தார்கள், இன்னும் நிறுத்தவில்லை. 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. காலையில் நீங்கள் கால் வைத்த கப்பல் முனையம் அப்படித் தூர்த்த மண்ணில் நிற்பதுதான். அன்று வந்தவர்கள் இறங்கிய கரைக்கும் நீங்கள் இறங்கிய கரைக்கும் இடையில் முழுக்க மனிதன் போட்ட மண். பையனிடம் கைபேசி வரைபடத்தைக் கொடுத்து இரண்டையும் காட்டுங்கள்.

அந்தப் பழைய கரையில், கடலில் பிழைத்து வந்தவர்கள் நன்றி சொல்ல ஆளுக்கோர் இடம் கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது நினைவாக ஒரு தர்கா கட்டினார்கள். அடக்கத்தலம் நாகூரில் இருக்க, கடல் கடந்து வந்தவர்கள் அந்த நினைவைக் கையோடு கொண்டுவந்து கரையிலேயே வைத்தார்கள். வெளியே நின்று முகப்பை நன்றாகப் பாருங்கள். கீழ்ப்பாதியில் ஐரோப்பிய பாணித் தூண்களும் வளைவுகளும். மேலே தலை தூக்கினால், குட்டிப் பள்ளிவாசல் முகப்பு ஒன்றைச் சுதையில் செய்து அடுக்கிவைத்ததுபோல் சின்னச் சின்ன மாடங்கள். மூலைகளில் அடுக்கடுக்காகச் சதுர மினாராக்கள். நாகூர் போய் வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும். இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். வாரக் கடைசியில் திறந்திருக்கும் நேரம் குறைவு, முற்பகலிலேயே போய்விடுங்கள்.

சில கடை தள்ளி தியான் ஹொக் கெங். ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த சீனர்கள் கடல் தெய்வமான மாட்சூவுக்கு 1842-இல் கட்டி முடித்த கோயில். அவர்களும் அதே காரணத்துக்காகத்தான், உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி. அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசலும் இருக்கிறது, பழைய தமிழ்ப் பெயர் குச்சுப் பள்ளி. முதலில் குடிசையாக இருந்ததால் அந்தப் பெயர். இந்த மூன்றையும் பார்க்க, மெதுவாக நடந்தாலும், ஒரு மணி நேரம் போதும். உட்கார இடமும் உண்டு. உங்களைப் போலக் கடலில் வந்து இறங்கிய அன்றே இங்கே வருகிறவர்கள் இப்போது மிகக் குறைவு. நீங்கள் வந்தால் அந்தத் தெருவின் பழைய வழக்கத்தைத்தான் செய்கிறீர்கள்.

அங்கிருந்து மெல்ல நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். அப்பாவால் முடியாவிட்டால் டாக்சி. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றேகாலுக்குள் போய்விடுங்கள். இந்தக் கோயிலை எழுப்பியவர் நாராயண பிள்ளை. 1819-இல், இங்கே பிரிட்டிஷ் வணிகத் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர். கருவூலத்தில் வேலை, பிறகு செங்கல் சூளை. கோயிலுக்கு முதலில் ஒதுக்கிய இடம் தெலுக் ஆயர் தெருப் பக்கம்தான். ஆனால் அங்கே பூஜைக்கு நல்ல தண்ணீர் இல்லை என்று விட்டுவிட்டு, கடைசியில் 1823-இல் இந்த இடத்தைப் பெற்றார்கள். 1827-இல் மரமும் ஓலையுமாகக் கோயில் எழுந்தது. இந்த நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில் இது. புதிதாகக் கப்பலில் வந்து போக்கிடம் இல்லாதவர்கள் வேலை கிடைக்கும் வரை இங்கேதான் தங்கியிருக்கிறார்கள். இந்துத் திருமணங்களைப் பதிவு செய்ததும் இங்கேதான். ஐப்பசியில் தீமிதி நடக்கும். பக்கத்துத் தெருவுக்குக் கோபுரத்தை வைத்துப் பகோடா ஸ்திரீட் என்று பெயர். அதற்கு அடுத்தது மாஸ்க் ஸ்திரீட், அங்கே 1826-இல் சூலியாக்கள் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசல். இத்தனையும் இருப்பது சைனாடவுன் நடுவில். நல்ல தண்ணீர் இல்லை என்ற அந்த விஷயத்தை மட்டும் நினைவில் வைத்திருங்கள், மாலையில் அது திரும்ப வரும்.

மதியம் அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் கோயிலுக்கு எதிர்ப்புறம் கொஞ்சம் தள்ளி மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம், சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம். இந்த ஊரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கோழிச் சோறு ஏறக்குறைய ஐந்து வெள்ளி. மேசையில் ஒரு கைத்தாள் பொட்டலம் தனியாகக் கிடந்தால் அதை யாரும் மறந்து போகவில்லை, இடம் பிடித்திருக்கிறார்கள். சாப்பிட்டபின் தட்டை நாமே எடுத்துப் போய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். கோப்பி கேட்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் 'கோப்பி' என்றால் இனிப்பான கெட்டிப் பால் ஊற்றி வரும். 'கோப்பி ஓ' பால் இல்லாமல் சர்க்கரையோடு. 'கோப்பி ஓ கோசோங்' என்றால் சர்க்கரையும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் 'கோசோங்' என்ற அந்த ஒரு சொல் போதும். சைவம் என்றால் மேக்ஸ்வெல்லில் சிரமப்படாமல் சைனாடவுன் நிலையத்தில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுக்கே வந்து இலை போட்டுச் சாப்பிடுங்கள்.

அப்புறம் கட்டாயம் தூக்கம். இரண்டிலிருந்து நாலரை வரை வெளியே போகாதீர்கள். வெயில் 31, 32 டிகிரிதான் காட்டும், சென்னைக்காரர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை காயவே காயாது. நடுவில் இடியோடு மழையும் கொட்டும். நான் பார்த்தவரை பெரியவர்களின் பயணம் கெடுவது அந்த இரண்டரை மணி நேரத்தில்தான்.

மாலை ஐந்தரைக்கு டாக்சியில் மரினா அணைக்கட்டுக்குப் போங்கள். நிறையப் பேர் இதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. 2008-இல் திறந்த அணை. நாலைந்து ஆறுகள் கடலில் கலந்த வாயை இது மூடியது. உள்ளே உப்புநீராக இருந்த விரிகுடா மழையாலும் ஆற்று நீராலும் கொஞ்சம் கொஞ்சமாக நன்னீராகிவிட்டது. மூன்று கோபுரத்தின் மேல் படகு வைத்ததுபோல் இருக்கும் அந்த விடுதியும், தண்ணீர் துப்பும் மெர்லயன் சிங்கமும் எந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனவோ, அது இப்போது குடிநீருக்கான நீர்த்தேக்கம். இந்த நாட்டின் பதினைந்தாவது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இங்கேதான் வந்து சேர்கிறது.

அணை வேலை செய்யும் விதமும் பையனுக்குப் பிடிக்கும். ஒன்பது எஃகுக் கதவுகள். பெருமழை கொட்டும்போது கடல் இறங்கியிருந்தால் கதவைத் தாழ்த்தித் தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிடுவார்கள். கடல் ஏறியிருந்தால் கதவைத் திறக்க முடியாது, கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு பெரிய இறைப்பான்கள் தண்ணீரை வெளியே தள்ளும். சைனாடவுன் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் வெள்ளம் வராமல் தடுப்பதில் இதற்கும் பங்கு உண்டு. அணையின் கூரை முழுக்கப் புல்வெளி. சாய்தளம் இருக்கிறது, சக்கர நாற்காலியே மேலே போகும். சனிக்கிழமை மாலை குடும்பம் குடும்பமாக வந்து பட்டம் விடுவார்கள். அந்தப் புல்லில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் நன்னீர், மறு பக்கம் நீங்கள் காலையில் வந்த கடல். பூஜைக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் நாராயண பிள்ளை இடம் தேடிய ஊரில், கடலையே நன்னீராக்கி வைத்திருக்கிறார்கள். இன்றும் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தண்ணீர் வாங்குகிறது இந்த நாடு, 1962-இல் போட்ட ஒப்பந்தம் 2061 வரை. அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற கவலை இங்கே எல்லாருக்கும் உண்டு. ஊரில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு அந்த இடத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழு மணிக்குச் சூரியன் இறங்கும். அங்கிருந்து கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே) பக்கம்தான். 7.45-க்கும் 8.45-க்கும் பெருமரங்களில் ஒளியும் இசையும் சேர்ந்த காட்சி, இலவசம். அந்த இரும்பு மரங்கள் 25 முதல் 50 மீட்டர் உயரம், மேலே செடி படர்ந்திருக்கும். கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்காமல் ஒரு துண்டை விரித்துத் தரையிலேயே படுத்துப் பாருங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கண்ணாடிக் கூடங்களில் ஒன்றுக்குச் சீட்டு வாங்குவதானால் மேகக் காடு. உள்ளே குளிர்ச்சி, மின்தூக்கியில் உச்சிக்குப் போய் நடந்து இறங்கிக்கொண்டே வரலாம், முழங்காலுக்கு நல்லது. அணைக்கட்டு, மேகக் காடு இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால், நான் அணைக்கட்டைத்தான் சொல்வேன்.

ஞாயிறு காலை லிட்டில் இந்தியாவின் தேக்கா. சந்தையும் உணவங்காடியும் ஒரே கட்டடத்தில். எட்டு மணிக்குப் போனால் மீன் பகுதியில் தரை ஈரமாக இருக்கும், அம்மாவுக்கு வழுக்காத செருப்பு போட்டுவிடுங்கள். முருங்கைக்காய், வாழைப்பூ, நெத்திலி, கறிவேப்பிலை கட்டுக்கட்டாக. ஊரிலிருந்து வரும் அம்மாக்கள் எல்லாரும் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். பையனுக்கு ரொட்டி பராட்டா, கூடவே மேலிருந்து கீழே இழுத்து ஆற்றும் தே தாரிக். அந்த நேரத்தில் ஒரு நாணயத்தை அவன் கையில் கொடுங்கள். நாலு மொழியில் நாட்டின் பெயர் இருக்கும், அதில் ஒன்று 'சிங்கப்பூர்' என்று நம் எழுத்தில். 1881-இல் எழுந்த வீரமாகாளியம்மன் கோயில் சிராங்கூன் ரோட்டிலேயே இருக்கிறது. கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் ஒரு மணி நேரம் குளிர்ச்சியாகப் போகும்.

மதியத்துக்குப் பிறகு லிட்டில் இந்தியா நிரம்பிவிடும். ஞாயிறு, கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகளுக்கு விடுமுறை நாள். புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்கள் நிறைய. ஊருக்குப் பணம் அனுப்ப, முடிவெட்ட, சாமான் வாங்க, புல்தரையில் உட்கார்ந்து பேச வருவார்கள். அவர்களைக் காட்சிப் பொருள்போல் படம் எடுக்காதீர்கள். "எந்த ஊர் தம்பி?" என்று அப்பா கேட்டால் போதும், பத்து நிமிடம் பேசுவார்கள். நீங்கள் பார்த்து வியந்த கட்டடங்களில் இவர்கள் கை படாதது குறைவு. இது புதிதும் அல்ல. சிட்டி ஹால் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வெள்ளை நிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1862-இல் அர்ப்பணிக்கப்பட்டது, கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகள். சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை கலந்து குழைத்து, பளபளக்கும் வரை தேய்த்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரிந்ததுதான். நேரம் இருந்தால் விமான நிலையம் போகும் முன் எட்டிப் பாருங்கள்.

இப்போது யுனிவர்சல் ஸ்டூடியோ. இந்தப் பயணத்தில் வேண்டாம். ஒரு முழு நாள் வேண்டும், முக்கால்வாசி நேரம் வெயிலில் வரிசையில் நிற்பது, அப்பா அம்மா ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். பையன் கட்டாயம் போக வேண்டும் என்றால், ஞாயிறு காலை நீங்களோ கணவரோ ஒருவர் மட்டும் அவனை அழைத்துப் போய்விட்டு மூன்று மணிக்கு விடுதிக்கு வந்துவிடுங்கள். எல்லாரையும் இழுக்காதீர்கள்.

நகை வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. வரியில்லாமல் தங்க நகை கொண்டுவரும் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் இந்தியர்களுக்குத்தான். சுற்றுலா வந்தவர்களுக்கு இல்லை. சிராங்கூன் ரோட்டுக் கடையில் கூட்டத்தைப் பார்த்து மனம் மாறிவிட வேண்டாம். மற்றபடி 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி, பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறும் வசதி அந்தக் கடையில் உண்டா என்று கேளுங்கள், வரி 9 சதவீதம்.

நாலரைக்கு விடுதியிலிருந்து பெட்டிகளோடு டாக்சி. சாங்கி விமான நிலையத்துக்கு அரை மணி நேரம் போதும். நேரே ஜுவல் கடைத்தொகுதிக்குப் போகச் சொல்லுங்கள். 2019-இல் திறந்தது, குடிநுழைவைத் தாண்டும் முன்பே இருப்பதால் உங்கள் இஷ்டத்துக்கு உட்காரலாம், பெட்டியை வைக்கவும் இடம் உண்டு. கூரையிலிருந்து 40 மீட்டர் இறங்கும் உள்ளரங்க அருவி, சுற்றிலும் காடுபோல் மரங்கள். அதைப் பார்த்தபடி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆறரைக்குள் உங்கள் முனையத்துக்கு நகருங்கள். நான்காம் முனையமாக இருந்தால் பேருந்தில் போக வேண்டும், இன்னும் இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் கப்பல் நிறுவனத்திடமும் விமான நிறுவனத்திடமும் தனித்தனியாக, இப்போதே சொல்லி வையுங்கள். இறங்கும் தேதி எது என்று எழுதுங்கள். அன்று மாரியம்மன் கோயிலில் விசேஷம் ஏதும் இருக்கிறதா, நடை திறக்கும் நேரம் மாறுகிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.